பார்க்கும் உரிமை மட்டும்

மார்ச் 3, செவ்வாய்

மகனின் மூத்த பையன் கப்பலில் இரண்டாம் எஞ்சினியர் ஆகிவிட்டான். இளையவன் மல்லாந்து நீந்துவதில் பள்ளிச் சாதனையை முறியடித்துவிட்டான். அதுவரை அந்தச் சாதனையை வைத்திருந்தவன் இவனுடைய அண்ணன்தான் என்பதால் பெருமை வீட்டை விட்டு வெளியே போகவில்லை. மகளின் மகன் பாலங்களுக்கு வரைபடம் போடுகிற படிப்பில் முதல் மதிப்பெண். எல்லாருக்கும் மேலே மகளின் மகள், என் ஒரே பேத்தி. கம்ப்யூட்டர் கம்பெனியில் இணையச் சேவைகளுக்குப் பூட்டுப் போடுகிற குழுவுக்குத் தலைவி. அவள் போட்ட பூட்டு உடைகிறதா என்று பார்க்க வெளியாட்களைக் கூலி கொடுத்துக் கூப்பிட்டார்களாம். முட்டி மோதிப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்களாம். கூலி கொடுத்துத் திருடனைக் கூப்பிடுகிற ஆட்களை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

இத்தனையும் ஐந்தாம் வகுப்போடு புத்தகப் பையை இறக்கி வைத்தவளின் வம்சம். இதை நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்?

மருமகளிடம் சொன்னேன். பல் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து ஆட்களை வரிசையாக உள்ளே அனுப்புகிறவள் அவள். பொறுமைசாலி என்று அங்கே பெயராம்.

"இத நேத்தே சொல்லிட்டீங்க அத்தை."

"நல்ல சேதி ரெண்டு தரம் சொன்னா தேஞ்சா போயிரும்?"

"சேதி தேயாது. எனக்குத்தான் காது தேயுது."

மார்ச் 5, வியாழன்

பேத்தி குடும்பத்துக்கென்று ஒரு பக்கம் செய்திருக்கிறாள். நம் ஆட்களின் படமெல்லாம் அங்கே வரும். வெளியாள் ஒருத்தர் எட்டிப் பார்க்க முடியாது. யாரும் பார்க்க முடியாத இடத்தில் பெருமையை வைத்து என்ன பிரயோசனம் என்று கேட்டேன். சிரிக்கிறாள்.

போனில் முகம் பார்த்துப் பேசியபடியே எனக்குக் கடவுச்சொல் போட வைத்தாள். இந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று நானாகத்தான் கேட்டேன். அவள் தொழிலைப் பற்றி நாலு பேரிடம் சொல்ல எனக்கு விவரம் வேண்டாமா?

"கடவுச்சொல்ல ஒரு தடவ சொன்னா போதும் அம்மம்மா. நீதான்னு தெரிஞ்சதும் உள்ளேர்ந்து ஒரு டோக்கன் உன் போனுக்கு வந்துரும். நீ யாரு, உனக்கு என்னென்ன உரிமை, எதுவரைக்கும் செல்லும், எல்லாம் அதுல எழுதியிருக்கும். அடியில என்னோட முத்திரை. யாராச்சும் ஒரே ஒரு எழுத்த மாத்தினாலும் முத்திரை ஒத்துவராது, வெளிய தள்ளிரும்."

"அப்புறம் என்னக் கேக்காதா?"

"கேக்காது. நீ எதத் தொட்டாலும் உன் போன் அந்த டோக்கன எடுத்துக் காட்டும். கதவு டோக்கனத்தான் பாக்கும், முகத்தப் பாக்காது."

பெரிய கடை வாசலில் நம் பையை வாங்கி வைத்துக்கொண்டு வில்லை கொடுப்பார்களே, அதுமாதிரியா என்றேன். "அதேதான். ஆனா இந்த வில்லையில உன் பேரும் இருக்கும்" என்றாள். மருமகள் உள்ளேயிருந்து, "எங்க ஆஸ்பத்திரியில டோக்கன தொலைச்சா பல்வலியோடயே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றாள். எந்தப் பேச்சுக்குள்ளும் தன் ஆஸ்பத்திரியை இழுத்துவிடுவாள்.

மார்ச் 8, ஞாயிறு

பக்கத்தைத் திறந்தால் சம்பந்தியம்மா, என் மகளின் மாமியார், ஒரு படம் போட்டிருக்கிறார். பேத்தி பல் துலக்குகிறாள், வாயெல்லாம் நுரை, கண்ணில் தூக்கம். படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எப்படிப் போட்டார்? நானும் மூத்தவனின் கப்பல் படம் ஒன்றைப் போடலாம் என்று என் போனைத் தடவு தடவு என்று தடவிவிட்டேன். எங்கே தொட்டாலும் பார்க்கத்தான் முடிகிறது.

பேத்தியைக் கூப்பிட்டேன். சம்பந்தியம்மாவின் திரையில் கூட்டல் குறி ஒன்று இருக்கிறதாம், தொட்டால் படம் ஏறுமாம். குப்பைத்தொட்டி ஒன்று இருக்கிறதாம், தொட்டால் அழியுமாம். எனக்கு இரண்டும் கிடையாது.

"அப்பம்மா ஆரம்பத்துலேர்ந்தே சோதிச்சுப் பாத்தாங்க அம்மம்மா. நான் ராவெல்லாம் எழுதுவேன், அவங்க காலையில உக்காந்து இது திறக்கல, அது தப்புன்னு சொல்லுவாங்க. அதனால அவங்க டோக்கன்ல எல்லா உரிமையும் இருக்கு. உனக்கு இப்போதைக்குப் பார்க்கும் உரிமை மட்டும்."

"ஏன், எனக்கு விரல் இல்லயா?"

"விரல் இருக்கறதுதான் பிரச்சன. போன மாசம் குடும்ப குரூப்ல உன் கட்டைவிரல் படத்தையே வரிசையா போட்டியே."

அது போன் செய்த தப்பு.

எழுதி ஆற்றிக்கொள்கிறேன். பேத்தி இருப்பது சம்பந்தியம்மா வீட்டில். என் மகள் வாழப்போன வீடு, அங்கேதானே இருப்பாள். பெற்று வளர்த்து மகளைக் கொடுத்தவள் நான். அந்த மகள் பெற்ற பிள்ளையின் பல் துலக்கும் நுரை வரைக்கும் அனுபவிப்பவள் அவள். பூகோள டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பவள், பேப்பரில் வரும் குறுக்கெழுத்தைப் பேனாவால் போடுகிறவள். பென்சில் இல்லை, பேனா. தப்பே வராது என்று அத்தனை நம்பிக்கை.

பேத்தி என்னை 'நீ' என்கிறாள், அவளை 'நீங்க' என்கிறாள். இதுவரைக்கும் அதை என்மேல் உள்ள ஒட்டுதல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 14, சனி

பேத்திக்குக் கம்பெனியில் பரிசு. கண்ணாடியில் செய்த கேடயம். மேடைக்கு வீட்டிலிருந்து ஒருத்தரை அழைத்து வரலாம் என்று சொன்னார்களாம்.

யாரை அழைத்துப் போனாள் என்று எழுத வேண்டியதில்லை.

படத்தில் நடுவில் நிற்பவள் பேத்திகூட இல்லை. நடுவில் சம்பந்தியம்மா, கேடயம் அவள் கையில், ஓரத்தில் பேத்தி அவள் தோளைக் கட்டிக்கொண்டு. கீழே பேத்தியே எழுதியிருக்கிறாள்: 'என் பூட்டையெல்லாம் முதலில் ஆட்டிப் பார்ப்பவர். இவங்க இல்லன்னா நான் இல்ல.'

இவங்க இல்லன்னா நீ இல்லயா? நான் இல்லன்னா உங்கம்மாவே இல்லடி.

மார்ச் 15, ஞாயிறு

சாப்பாடு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று மருமகளிடம் சொன்னேன். பொய்யில்லை. வயிறுதான் எரிகிறது.

மார்ச் 21, சனி

சம்பந்தியம்மா நேற்று வந்தார். இங்கே இருக்கிற கண் டாக்டரிடம் காட்ட வேண்டுமாம். நாளை போகிறார். வந்ததும் வராததுமாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பப் பாத்தாலும் உங்க பேச்சுதான் சம்பந்தியம்மா எங்க வீட்ல" என்றார். இருக்கும், இருக்கும்.

இன்று காலை அவர் குளிக்கப் போனார். போன் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது. அதற்குப் பூட்டே கிடையாது. எனக்கென்ன ரகசியம் என்பார்.

பார்க்கத்தான் எடுத்தேன். அந்தக் கூட்டல் குறி எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான். பச்சை நிறம், வட்டத்துக்குள். அழகாக இருந்தது. போனைக் கீழே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. தள்ளிக்கொண்டே போனேன், அந்தக் கேடயப் படம் வந்தது. மூலையில் குப்பைத்தொட்டி. தொட்டேன். 'அழிக்கவா?' என்று கேட்டது. யார் நீ என்றும் கேட்கும், கடவுச்சொல் கேட்கும், வைத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு ஓடியது. அது கேட்கவில்லை. ஆம் என்று தொட்டேன். போய்விட்டது.

போனை இருந்த இடத்தில் இருந்த மாதிரியே வைத்தேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர், "உங்க வீட்டுத் தண்ணி என்ன இதமா இருக்கு" என்றார். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

மார்ச் 23, திங்கள்

அழித்த படம் திரும்ப வந்துவிட்டது. பேத்தியிடம் இன்னொன்று இருந்ததாம், மறுபடி ஏற்றிவிட்டாள். ஆடிய ஆட்டத்துக்கு இதுதான் பலன்.

ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. எந்த டோக்கன் எப்போது என்ன செய்தது என்று அவளுடைய பக்கத்தில் பதிவு இருக்கிறதாம். சனிக்கிழமை காலை அப்பம்மாவின் டோக்கன் அழித்தது என்று இருக்கிறதாம்.

"அப்பம்மாகிட்ட கேட்டேன். நான் அழிக்கவே இல்லம்மான்னாங்க. பதிவக் காட்டினேன். ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு, 'அப்போ அழிச்சிருப்பேன் போல, ஞாபகமில்ல'ன்னாங்க. அம்மம்மா, அங்க இருந்தப்ப அவங்க நல்லாத்தானே இருந்தாங்க?"

"நல்லாத்தான் இருந்தாங்க."

"எதையாச்சும் மறந்தாங்களா?"

கொஞ்சம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு, "வயசாகுதில்ல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 26, வியாழன்

என் திரையில் பச்சை வட்டம் வந்துவிட்டது.

பேத்தியே கூப்பிட்டுச் சொன்னாள். அப்பம்மா குழம்புகிறார், எதையாவது தொட்டுவிட்டுப் பிறகு வருத்தப்படுகிறார். அதனால் அவருடைய பழைய டோக்கனை ரத்து செய்து, பார்க்கும் உரிமை மட்டும் உள்ள புது டோக்கன் கொடுத்துவிட்டாளாம். "இனிமே நீதான் அம்மம்மா படம் போடணும். பாத்துப் போடு."

மூத்தவனின் கப்பல், இளையவனின் பதக்கம், மறுபடி கப்பல் என்று போட்டுத் தள்ளினேன். எல்லாரும் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் எழுதவில்லை. சம்பந்தியம்மா மட்டும் எழுதியிருந்தார்: 'தம்பி இளைச்சிட்டான். கப்பல்ல சாப்பாடு சரியில்லயோ.'

மார்ச் 27, வெள்ளி

உண்மையிலேயே இளைத்துத்தான் இருக்கிறான். நான் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

முட்டிவலியோடு மூன்று வருஷமாக மாடி ஏறி இறங்குகிறேன். யாராவது ஒரு நாள், எப்படி இருக்கிறது முட்டி என்று கேட்டிருக்கிறார்களா? அவளுக்கு ஞாபகமறதி என்றதும் குடும்பமே தாங்கு தாங்கு என்று தாங்குகிறது. மகள் அலுவலகத்தில் லீவு போட்டிருக்கிறாள். சம்பந்தியம்மாவோடு பகலில் கூட இருக்க ஒரு பெண்ணை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கப்பலில் இருக்கிறவன் கடலிலிருந்து கூப்பிட்டுப் பேசினானாம். என் சொந்தப் பேரன், என் மகன் வயிற்றுப் பிள்ளை, அவளுக்கு.

அலமாரிக் கதவுக்கெல்லாம் பேத்தி சீட்டு ஒட்டியிருக்கிறாள்: கோப்பை, கரண்டி, மாத்திரை. அதைக் குடும்பப் பக்கத்தில் படமாகவும் போட்டிருக்கிறாள்.

மருமகளிடம் புலம்பினேன்.

"அவங்களுக்கு என்ன குறைச்சல்? ராணி மாதிரி."

"அத்தை, அடுப்பத் தொட விட மாட்டேங்கறாங்களாம். வெளிய தனியா போகக் கூடாதாம். ராணின்னா சொல்றீங்க?"

வார்த்தைக்கு வார்த்தை எதிர்த்துப் பேசுவதற்கென்றே வாக்கப்பட்டு வந்திருக்கிறாள்.

ஏப்ரல் 6, திங்கள்

சம்பந்தியம்மாவே கூப்பிட்டார். குரல் தாழ்ந்து வந்தது, கூட இருக்கிற பெண்ணுக்குக் கேட்கக் கூடாது என்று.

"ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்வீங்களா? உங்க வீட்ல இருந்தப்ப நான் வேற ஏதாச்சும் பண்ணினேனா? குழாயத் திறந்து விட்டேனா? சொன்னதையே சொன்னேனா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. என் நல்லதுக்குன்னு பொய் சொல்றாங்க. நீங்களாச்சும் உள்ளத சொல்வீங்கன்னு நெனச்சேன்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அந்தப் படத்த நான் ஏன் அழிக்கணும் சம்பந்தியம்மா? எனக்கு அதுதான் உசிரு. உசிரா இருக்கறதையே அழிச்சுட்டு, அழிச்சது தெரியாம இருக்கேன்னா, நாளைக்கு அடுப்பத் திறந்து விட்டுட்டுப் படுத்துருவேன்ல? அவங்க என்னைப் பூட்டி வைக்கறது சரிதான்."

குறுக்கெழுத்தைப் பற்றிக் கேட்டேன், பேச்சை மாற்றலாம் என்று. விட்டுவிட்டாராம். ஒரு வார்த்தை வராவிட்டால் பயமாக இருக்கிறதாம்.

வியாழக்கிழமை நரம்பு டாக்டரிடம் போகிறார்கள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

டாக்டர் கண்டுபிடித்துவிடுவார், ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார், அதோடு சரி. நான் எதற்கு நடுவில்?

ஒன்றுமில்லாதவளுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தால்?

ஏப்ரல் 8, புதன்

சொல்லிவிட்டேன்.

நல்ல மனதினால் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பாதிதான் அது. மீதிப் பாதி, இப்படியே விட்டால் காலம் முழுக்க எல்லாரும் அவளையே சுற்றிக்கொண்டிருப்பார்கள் என்கிற எரிச்சல். எந்தப் பாதி வாயைத் திறந்தது என்று தெரியவில்லை.

கூப்பிட்டபோது பேத்தி மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருந்தாள்.

"அந்தப் படத்த அப்பம்மா அழிக்கல."

"பதிவுல இருக்கே அம்மம்மா. டோக்கன் அவங்களோடது."

"டோக்கன் அவங்களோடது. விரல் என்னோடது. அவங்க குளிக்கப் போயிருந்தாங்க."

அந்தப் பக்கம் யாரோ தட்டு எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. திட்டினாலாவது பரவாயில்லை என்று இருந்தது.

"நான் ஒரு தரம்கூட யோசிக்கல" என்றாள் கடைசியில். "டோக்கன் யார் கையில இருக்கோ அவங்கதான் ஆளுன்னு நம்பறது எவ்ளோ தப்புன்னு ஆபீஸ்ல நாள் பூரா பேசறேன். வீட்ல அப்பம்மாவ நம்பல, டோக்கன நம்பியிருக்கேன்." பிறகு, "இத நான் சொல்ல மாட்டேன். நீயே அவங்ககிட்ட சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை.

"அப்போ நான் அழிக்கலயா?"

"இல்ல."

"இன்னொரு தரம் சொல்லுங்க."

"நீங்க அழிக்கல. நான்தான்."

"எனக்கு ஒண்ணுமில்ல, எனக்கு ஒண்ணுமில்ல" என்று பக்கத்தில் இருக்கிற பெண்ணிடமோ யாரிடமோ சொன்னார். சிரித்தாரா அழுதாரா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. திரும்ப வந்தபோது குரல் வேறாக இருந்தது. பள்ளிக்கூடத்துக் குரல்.

"ஏன்?"

"நடுவுல நீங்க நின்னீங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"எனக்குப் பைத்தியம்னு என்னையே நம்ப வச்சுட்டீங்க. அவ்வளவுதான்ங்கறீங்க" என்றார். வைத்துவிட்டார்.

ஏப்ரல் 9, வியாழன்

டாக்டரிடம் போகவில்லையாம். மருமகளுக்கு மகள் சொல்லி, மருமகள் எனக்குச் சொன்னாள். என் பெண்ணின் சேதி எனக்கு மருமகள் வழியாக வருகிற நிலைமை.

பக்கம் என்னை வெளியே தள்ளிவிட்டது. எல்லாருடைய டோக்கனையும் பேத்தி ரத்து செய்திருக்கிறாள். மறுபடி கடவுச்சொல் போட்டு உள்ளே போனேன். பச்சை வட்டம் இல்லை. எதிர்பார்த்ததுதான். இனிமேல் யார் எதை அழிக்கப் போனாலும், அந்த இடத்திலேயே கடவுச்சொல் கேட்குமாம். அவளே அழிக்கப் போனாலும் அவளையும் கேட்குமாம். எல்லாருக்கும் அறிவிப்பு வந்தது. காரணம் எழுதவில்லை. அந்த மட்டுக்கும் மானத்தைக் காப்பாற்றினாள்.

மருமகள் தட்டில் ரொட்டியை வைத்துவிட்டு, "சாப்பிடுங்க அத்தை" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவள்கூடச் சொல்லவில்லை என்றால் நிலைமை மோசம்தான்.

ஏப்ரல் 12, ஞாயிறு

சம்பந்தியம்மாவை இரண்டு தரம் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 15, புதன்

சம்பந்தியம்மாவுக்குப் பழைய டோக்கன் உரிமையெல்லாம் திரும்பக் கிடைத்துவிட்டது. இரண்டு படம் போட்டிருக்கிறார். வீட்டு அடுப்பு, எரிகிறது. கடைத்தெரு, கையில் பை. தனியாகப் போயிருக்கிறார். யாருக்குக் காட்ட என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 18, சனி

சம்பந்தியம்மாவின் புதுக் கண்ணாடி தயாராகிவிட்டது என்று கண் ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லியிருந்தார்களாம். வேறு யாரையாவது அனுப்பி வாங்கியிருக்கலாம். அவரே வந்தார். ஹோட்டலில் அறை எடுப்பார் என்று நினைத்தேன். நேரே வீட்டுக்கு வந்தார். என்னிடம் "நல்லாருக்கீங்களா" என்றார், பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கிற மாதிரி.

குளிக்கப் போகும்போது போனைக் கையோடு குளியலறைக்குள் எடுத்துக்கொண்டு போனார். மருமகள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

மத்தியானம் தானாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? மேடைக்கு வாங்கன்னு அவ மொதல்ல கூப்பிட்டது உங்களத்தான். முட்டிவலி, அவ்வளவு தூரம் பஸ்ல வர முடியாதுன்னு உங்க மகள்தான் வேணாம்னுச்சு. உங்ககிட்ட சொன்னா வலியோட கிளம்பிருவீங்கன்னு மறைச்சுட்டாங்க. நான் ரெண்டாவது ஆள். கேடயத்தப் பிடிச்சுக்கிட்டு நான் நிக்கறப்ப எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

"உங்களுக்குமா?" என்றேன்.

"பின்ன? அவ வீட்ல எப்பப் பாத்தாலும் அம்மம்மா அப்படிச் சொல்லும், அம்மம்மா இப்படிச் செய்யும்னு ஒரே பாட்டு. சோதிச்சுப் பாக்கற வேலைய நானாத்தான் கேட்டு வாங்கினேன். அது ஒண்ணாச்சும் எனக்குன்னு இருக்கட்டும்னு."

"படத்த மட்டும் நீங்க அழிக்கல."

"அழிக்கல. அதுக்காக உங்கள மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க."

"நெனைக்கல."

"சரி, டீ போடுங்க."

ஏப்ரல் 19, ஞாயிறு

காலையில் வழியனுப்பப் பஸ் நிறுத்தம் வரைக்கும் போனேன். மெல்லத்தான் நடந்தார், என் முட்டிக்காக என்று நான் எடுத்துக்கொண்டேன். புதுக் கண்ணாடி மூக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. அவர் அதைத் தள்ளிவிட்டுக்கொண்டு, பஸ் நேரம் எழுதிய பலகையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்: "வர்ற நேரத்த எழுதியிருக்கான், போற நேரத்தக் காணோம்." அப்படியே போனில் படம் எடுத்துவிட்டேன். வாய் திறந்திருக்கிறது, ஒரு விரல் பலகையைக் குத்துகிறது, நடுவில் அவர் ஒருத்தர்தான். எடுத்ததும் காட்டினேன்.

"கண்ணாடி கோணலா இருக்கே."

"மூக்கே அப்படித்தான் சம்பந்தியம்மா."

சிரித்துவிட்டார். பிறகு சிரித்திருக்க வேண்டாம் என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஸ் வந்தது.

வீட்டுக்கு வந்து பேத்திக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். கூடவே இதையும் எழுதினேன், இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

'கண்ணு, உன் அப்பம்மா படம் ஒன்று அனுப்பியிருக்கிறேன். எனக்கு ஏற்றும் உரிமை கேட்கவில்லை, நீயே பக்கத்தில் ஏற்றிவிடு. அவர் வீடு வந்து சேர்வதற்குள் ஏற்று, வந்ததும் பார்க்கட்டும். எடுத்தது அம்மம்மா என்று கீழே எழுது.'